அம்மாக்களுக்கு வேலை, குழந்தைகளுக்கு இடம்: சமூக நிறுவனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழைத் தாய்மாருக்கு வேலை கொடுத்து, அவர்கள் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய சமூக நிறுவனத்தில் சில வருடங்கள் கணக்கு எழுதினேன். ஒரு தையல் கூடம், அதை ஒட்டி ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகம், அவ்வளவுதான் நிறுவனம். நன்கொடை தர வந்தவர்கள், பொருள் வாங்க வந்தவர்கள், இதேபோல ஒன்று தொடங்க நினைத்தவர்கள் என எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சமூக நிறுவனம் என்றால் என்ன? அறக்கட்டளையா, கம்பெனியா?

இரண்டின் குணமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கம்பெனி மாதிரி ஒரு பொருளையோ சேவையையோ விற்றுச் சம்பாதிக்கும். சம்பாதித்தது முதலாளியின் பைக்குப் போகாமல், எந்தக் காரியத்துக்காகத் தொடங்கினார்களோ அதற்கே திரும்பிப் போகும். இங்கே அந்தக் காரியம், வருமானம் இல்லாத தாய்க்கு நிலையான வேலையும் அவள் குழந்தைக்குப் பாதுகாப்பான பகல்பொழுதும்.

சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும். கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம், லாப நோக்கில்லாத கம்பெனியாக இருக்கலாம், சாதாரணக் கம்பெனியாகக்கூட இருக்கலாம். பெயர்ப்பலகையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இரண்டைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

கஷ்டப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். அம்மாக்களுக்கு மட்டும் ஏன் தனியாக ஒன்று?

கரு உண்டான நாளிலிருந்து குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை ஏறக்குறைய 1,000 நாட்கள். அந்தக் காலத்தில் சத்துக் குறைந்து வளர்ச்சி குன்றிப்போனால், பிறகு ஈடுகட்டுவது கடினம். அதே 1,000 நாட்களில்தான் தாயால் வெளியே போய்ச் சம்பாதிக்கவும் முடிவதில்லை. செலவு கூடுவதும் வரவு நிற்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வேலை தேடும் மற்றவர்களுக்கு இல்லாத முடிச்சு இது. வேலை கொடுத்தால் மட்டும் அவிழாது, குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்தால் மட்டும் அவிழாது.

அதற்குப் பணத்தையே கையில் கொடுத்துவிடலாமே? எதற்கு இத்தனை சுற்று?

பல நேரங்களில் அதுவே போதும், இதை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய புரோகிரேசா திட்டத்தில், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு பணத்தைத் தாயின் கையிலேயே கொடுத்தது. உயர்நிலை வகுப்புகளில் சேரும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், அதிகமானார்கள். அதைப் பார்த்துப் பல நாடுகள் இப்படிப்பட்ட திட்டங்களைக் கொண்டுவந்தன.

ஆகவே ஒரு நிறுவனம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது, கையில் பணம் கொடுப்பதற்கு மேல் நாம் எதைத் தருகிறோம் என்பதுதான். பகலில் குழந்தைக்கு ஓர் இடம், கைத்தொழில், வாடகை வீடு கேட்கும்போது காட்ட ஒரு சம்பளச் சீட்டு, அவசரத்துக்குக் கூப்பிட நாலு பேர், இவற்றைத் தர முடிந்தால் நடத்தலாம். முடியாவிட்டால், நிர்வாகச் செலவுக்குப் போகும் பணத்தையும் சேர்த்துத் தாய்மாருக்கே பிரித்துக் கொடுத்துவிடுவது மேல்.

சின்னக் கடன் கொடுத்தால் அவர்களே தொழில் வைத்துக்கொள்வார்கள் அல்லவா?

சிலர் வைத்துக்கொள்வார்கள். வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 1976-இல் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியானது. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் சேர்த்து நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதோடு சிறுகடன்தான் சர்வரோக நிவாரணி என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவியது. பிறகு போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் 2015-இல் ஒன்றாக வெளிவந்தன. கடனால் சிலருக்குத் தொழிலில் கை ஓங்கியது, செலவைத் திட்டமிட வசதி கிடைத்தது. ஆனால் சராசரியாகப் பார்த்தால் குடும்பங்களின் நிலைமை தலைகீழாக மாறிவிடவில்லை.

கைக்குழந்தைக்காரிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தவணை வாராவாரம் வரும், குழந்தைக்குக் காய்ச்சலா என்று விசாரித்துவிட்டு வராது. ஒரு வாரம் வேலை நின்றால் அந்த நஷ்டம் முழுக்க அவள் தலையில். சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில் அந்த நஷ்டத்தை நிறுவனம் தாங்குகிறது, அல்லது தாங்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிய கேள்வியில் இதற்கு மறுபடி வருகிறேன்.

அம்மா வேலைக்கு வந்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பார்கள்?

எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. 1969-இல் டெல்லியில், தாய்மார் மண் சுமந்துகொண்டிருந்த ஒரு கட்டுமான இடத்தில் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்த மீரா மகாதேவன் அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். அதுதான் மொபைல் கிரெஷஸ் அமைப்பாக வளர்ந்தது. வேலை எங்கே நடக்கிறதோ அங்கேயே காப்பகம் என்பது அவர்கள் காட்டிய வழி. நைரோபியில் ஓர் ஏழைக் குடியிருப்பில் காப்பகச் செலவை ஏற்றுக்கொண்டு பார்த்த ஆய்வில், உதவி கிடைத்த தாய்மார் வேலைக்குப் போவது கூடியது. தனியாகக் குழந்தை வளர்க்கும் பெண்கள், வருமானம் குறையாமலே, நேரம் ஒழுங்கான வேலைகளுக்கு மாற முடிந்தது.

எங்கள் அனுபவத்தில் நாங்கள் செய்த பெரிய தவறும் இங்கேதான். மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளை மட்டும் சேர்த்துக்கொண்டோம். கைக்குழந்தைகளைப் பார்க்க ஆள் அதிகம் வேண்டும், பொறுப்பும் அதிகம் என்று தள்ளிப்போட்டோம். சில மாதங்கள் கழித்துத்தான் புரிந்தது, பல வீடுகளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது பள்ளியை விட்டு நின்ற மூத்த பெண். அம்மாவுக்கு வேலை கொடுத்து, அதன் விலையை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் வாங்கிக்கொண்டிருந்தோம். கணக்குப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்திலும் தெரியவில்லை.

அதனால் ஒரு காப்பகத்தைப் பார்க்கப் போனால் சுவரில் வரைந்த படங்களைப் பார்க்காதீர்கள். கைக்குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறார்களா, பள்ளி விட்டதும் பெரிய பிள்ளைகள் எங்கே போகிறார்கள், பள்ளி விடுமுறையில் என்ன ஏற்பாடு, வேலை தொடங்குவதற்கு முன்பே கதவு திறக்கிறதா என்று கேளுங்கள். பால் கொடுக்கும் தாய் நடுவில் எழுந்து போனால் அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பால் கொடுக்கும் இடைவேளையை வேலை நேரமாகவே கணக்கிட்டுக் கூலி தர வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு உடன்படிக்கை.

வீட்டிலேயே இருந்து தைக்கக் கொடுத்தால் காப்பகமே தேவையில்லையே?

எல்லாரும் ஒருமுறையாவது சொல்லும் யோசனை. நாங்களும் செய்து பார்த்தோம். மிஷின் வீட்டுக்குப் போனதும் மின்சாரச் செலவு, ஊசி உடைந்த செலவு, இடநெருக்கடி எல்லாம் அவள் கணக்குக்கு மாறிவிடும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் துணி என்று வேலை ராத்திரிக்கு நீளும். அவசர ஆர்டர் வந்தால் பெரிய பிள்ளைகளும் நூல் கத்தரிக்க உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் அதைக் குழந்தைத் தொழில் என்று நினைக்க மாட்டார்கள், அம்மாவுக்கு ஒத்தாசை என்பார்கள்.

கூடத்துக்கு வரவே முடியாத சிலருக்கு இது ஒன்றுதான் வழி, அதை மறுக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களை மற்றத் தொழிலாளரைப் போலவே நடத்த வேண்டும் என்று 1996-இலேயே ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்திருக்கிறது. கொடுக்கிறவர்கள் அந்த அளவுகோலில் கொடுக்கட்டும். காப்பகச் செலவை மிச்சம் பிடிக்கும் தந்திரமாக மட்டும் இதைச் செய்யக் கூடாது.

சம்பளம் மாதக் கணக்கா, பீஸ் ரேட்டா?

பீஸ் ரேட் நியாயமாகத் தெரியும், எவ்வளவு தைக்கிறாளோ அவ்வளவு கூலி. சிக்கல், அந்த ரேட்டை யாரை வைத்து நிர்ணயிக்கிறோம் என்பதில். எங்கள் முதல் ரேட்டைப் போட்டவன் நான்தான். கூடத்தில் மிக வேகமாகத் தைத்த பெண்ணின் பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவருக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இருபது வருடப் பழக்கம் வேறு. புதிதாக வந்த தாய்மாரால் அதில் பாதியைக்கூட எட்ட முடியவில்லை.

பிறகு அடிப்படைச் சம்பளம் ஒன்றை நிலையாக வைத்து, அதற்கு மேல் தைத்ததற்குக் கூடுதல் என்று மாற்றினோம். அடிப்படை, சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. பயிற்சிக் காலம் என்று சொல்லி மாதக்கணக்கில் அரைக்கூலி கொடுப்பதும் ஏமாற்றுதான். குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று எழுதி வைத்தோம். ஆர்டருக்குத் தேதி கொடுக்கும்போதே அந்த நாட்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், இல்லையென்றால் விடுப்பு காகிதத்தில்தான் இருக்கும்.

அம்மா வேலையை விட்டுவிட்டால் குழந்தைக்குச் செய்வதையும் நிறுத்திவிடுவீர்களா?

கூடாது. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். தாய் சரியாக வேலைக்கு வந்தால்தான் குழந்தைக்குக் காப்பகமும் பள்ளிச் செலவும் என்று கட்டிவிட்டால், அவள் எந்த அநியாயத்தையும் எதிர்த்துப் பேச மாட்டாள். கூலி குறைவு என்று சொல்ல மாட்டாள், மேற்பார்வையாளர் மரியாதையில்லாமல் பேசினாலும் பொறுத்துக்கொள்வாள். குழந்தையைப் பிணையாக வைத்த மாதிரி ஆகிவிடும். நல்ல மனசோடு தொடங்கிய இடங்களிலேயே இது நடக்கிறது, ஏனென்றால் யாரும் அப்படி நினைத்துச் செய்வதில்லை.

எனவே இரண்டையும் தனித்தனி நோட்டில் வைக்க வேண்டும். வேலை என்பது நிறுவனத்துக்கும் தாய்க்கும் உள்ள ஒப்பந்தம், அது முடியலாம். குழந்தைக்குக் கொடுத்த வாக்கு குழந்தைக்கானது. பள்ளி ஆண்டின் நடுவில் தாய் விலகினால் குறைந்தது அந்த ஆண்டு முடியும் வரை உதவி தொடர வேண்டும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட விதி. வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போகிறவர்கள்தான் இதில் அதிகம் பயன்பெற்றார்கள் என்பதால் நிர்வாகக் குழுவில் சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது. இருக்கட்டும்.

சம்பளத்தைப் புருஷன் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

முதலில், எல்லா வீட்டிலும் அப்படி நடப்பதில்லை. நடக்கும் வீடுகளுக்கு, பணத்தைக் கையில் கொடுக்காமல் அவள் பெயரில் உள்ள கணக்கில் போடுவது ஓரளவு உதவும். 1974-இல் அகமதாபாத்தில், சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களின் சங்கமான சேவா அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள் பங்குப் பணம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்குப் புகைப்படமே அடையாளம் ஆயிற்று. தன் பெயரில் ஒரு பாஸ்புக் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் வீட்டுச் சண்டைக்குள் நிறுவனம் தானாகப் போய் நுழையக் கூடாது. சம்பளம் வரத் தொடங்கியதும் சில வீடுகளில் அடி உதை கூடியதும் உண்டு. அவள் கேட்டால் சட்ட உதவிக்கும் பாதுகாப்பான தங்குமிடத்துக்கும் வழிகாட்ட ஏற்பாடு இருக்க வேண்டும், அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். என்னைப் போன்ற கணக்கர்கள் அறிவுரை சொல்லப் போய்க் காரியத்தைக் கெடுத்த கதைகள் உண்டு.

குழந்தையை ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் அவள் நிம்மதியாக வேலை பார்ப்பாளே?

நல்லெண்ணத்தில் கேட்கிறார்கள் என்று தெரியும். ஆனால் வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றவர்களிடமிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை என்பதன் அடையாளமாகவே அதைப் பார்க்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. இல்லத்தில் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவை அந்தத் தாய்க்கே செலவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பாவம் பார்த்து வாங்குகிறோம், ஆனால் பொருள் சுமாராக இருக்கிறதே?

அப்படியானால் வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். பாவம் பார்த்து ஒருமுறைதான் வாங்குவார்கள். இரண்டாவது ஆர்டர் வந்தால்தான் அடுத்த மாதச் சம்பளம்.

குழந்தைகளின் படத்தைப் போட்டால் நன்கொடை இன்னும் வருமே, ஏன் போடுவதில்லை?

வரும். அழுகிற படம் போட்டால் இன்னும் அதிகம் வரும். அந்தக் குழந்தை பதினைந்து வயதில் தன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது அந்தப் படமும் வரும். தாயிடம் சம்மதம் வாங்கிவிட்டோம் என்பார்கள். சம்பளம் கொடுக்கிறவர் கேட்கும்போது அவள் எப்படி மாட்டேன் என்பாள்? குழந்தையைப் பிணை வைப்பதைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். கைகளை எடுங்கள், தைத்த பொருளை எடுங்கள், காலியான காப்பக அறையை எடுங்கள். முகம் வேண்டாம்.

லாபம் வந்தால் யாருக்கு? கடைசியில் யாரோ ஒருவர் பணக்காரர் ஆகிறார்களா?

சந்தேகப்படுவது சரிதான். யூனுஸ் சொல்லும் சமூக வணிகத்தில், முதல் போட்டவர் போட்ட முதலைத் திரும்ப எடுக்கலாம், அதற்கு மேல் லாபப் பங்கு கிடையாது. பிரிட்டனில் 2005-இல் வந்த சமூக நலக் கம்பெனி என்ற வடிவத்தில், நிறுவனத்தின் சொத்தைச் சமூகப் பயனுக்கு வெளியே எடுத்துப் போக முடியாதபடி சட்டமே பூட்டுப் போடுகிறது. கம்பெனி மூடினாலும் மிச்சம் இருப்பது அதேபோன்ற இன்னொரு நோக்கத்துக்குத்தான் போகும்.

உங்கள் நாட்டில் இப்படிச் சட்டப் பூட்டு இல்லாவிட்டால் மூன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: தணிக்கை செய்த கணக்கு, மேல்மட்டச் சம்பளம், இடத்தின் வாடகை யாருக்குப் போகிறது என்ற விவரம். கடைசியானதை யாரும் கேட்பதில்லை. லாபமே காட்டாமல், நடத்துகிறவரின் சொந்தக் கட்டிடத்துக்கே கொழுத்த வாடகையாகப் பணம் வெளியே போவதுண்டு.

நன்கொடை இல்லாமல் இது தன் காலில் நிற்குமா?

தையல் கூடம் நிற்கும், நிற்க வேண்டும். காப்பகம் பெரும்பாலும் நிற்காது. போட்டிக் கம்பெனி குழந்தைக்காக ஒன்றும் செலவழிப்பதில்லை, நாம் செலவழிக்கிறோம். அதைப் பொருளின் விலையில் ஏற்றினால் விற்காது, கூலியில் பிடித்தால் மேலே சொன்ன எல்லாம் வீண். இத்தாலியில் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவர்களைக் குறைந்தது 30 சதவீதம் வைத்துக்கொள்ளும் சமூகக் கூட்டுறவுகளுக்கு, அவர்களுக்காகச் செலுத்த வேண்டிய சமூகக் காப்பீட்டுத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. சமூகத்துக்காகச் செய்யும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது என்று பொருள்.

எனவே கணக்கை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வியாபாரக் கணக்கு விற்பனையில் சரியாக வர வேண்டும். காப்பகக் கணக்குக்கு நன்கொடையோ அரசு உதவியோ கேட்பதில் வெட்கம் இல்லை, பள்ளிக்கூடம் லாபத்தில் நடக்கிறதா என்று யாரும் கேட்பதில்லையே. இரண்டையும் கலந்து எழுதினால் எது ஓட்டை என்றே தெரியாது. நாங்கள் இரண்டு வருடம் அப்படித்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடினோம்.

உண்மையில் பலன் இருக்கிறதா? எத்தனை பேருக்கு உதவினோம் என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள்.

எத்தனை பேர் என்பது வேலையின் அளவு, பலனின் அளவு இல்லை. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் மிக ஏழைக் குடும்பங்களுக்கென்று ஒரு முறையைத் தொடங்கியது. சம்பாதிக்க ஒரு சொத்து, சில மாதம் கைச்செலவுக்குப் பணம், பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வரும் வழிகாட்டி எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு வருடம். இதே முறையை ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களில் சோதித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் பெரும்பாலான இடங்களில் முன்னேற்றம் நீடித்தது. ஹோண்டுராஸில் கொடுத்த கோழிகள் நோயில் செத்துப்போனதால் அங்கே பலன் நிற்கவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

சின்ன நிறுவனத்தால் அவ்வளவு பெரிய ஆய்வு செய்ய முடியாது. ஆனால் விலகிப் போனவர்களை ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பேசலாம். இப்போது வருமானம் உண்டா, பிள்ளைகள் எல்லாரும் பள்ளியில் இருக்கிறார்களா, மூத்த பெண் உட்பட? நாங்கள் இவற்றை மட்டும்தான் குறித்து வைத்தோம்.

எத்தனை வருடம் வைத்துக்கொள்வீர்கள்? அவள் உங்களையே நம்பி இருந்துவிட மாட்டாளா?

மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நீங்களும் உங்கள் கம்பெனியை நம்பித்தானே இருக்கிறீர்கள்? ஒழுங்கான கூலிக்கு ஒழுங்கான வேலை செய்கிறவரைக் காலக்கெடு வைத்து வெளியே அனுப்பத் தேவையில்லை. இடம் குறைவு, வெளியே பலர் காத்திருக்கிறார்கள் என்றால் அது வேறு. அப்போது முதல் நாளே காலத்தைச் சொல்லிவிட வேண்டும், அடுத்த வேலைக்கு வழியும் செய்து கொடுக்க வேண்டும். குழந்தைக்குப் பால் மறந்த மாதத்தில் ஒருவரின் காலம் முடிகிற மாதிரி அமைக்காதீர்கள்.

நிறுவனத்தை மூட வேண்டி வந்தால்?

தொடங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் யாரும் முதலில் கேட்பதில்லை. பாக்கிச் சம்பளம் மற்றக் கடன்களுக்கு முன்னால் கொடுக்கப்பட வேண்டும். அதற்காக இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைத் தொடாத பணமாகத் தனியே வையுங்கள். தையல் மிஷின்களை விற்கும் முன் அவற்றில் தைத்தவர்களிடம் வேண்டுமா என்று கேளுங்கள், அவரவருக்கு முடிந்த தவணையில் கொடுங்கள். கூடம் மூடிய அன்றே காப்பகத்தையும் பூட்டாதீர்கள். வேறு வேலை தேடிப் போகும் அந்த வாரங்களில்தான் குழந்தையை விட்டுவிட்டுப் போக ஓர் இடம் அவர்களுக்கு மிகவும் தேவைப்படும்.